குழுவில் பெயர் இல்லாத பிள்ளை

பிள்ளைகளும் செல்போனும் என்று பேச்சு எடுத்தாலே, ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறார்களாம்?" பெற்றோர் கூட்டத்திலும் இதே கேள்விதான். இரண்டு மணி நேரம் என்றால் பரவாயில்லை, ஐந்து மணி நேரம் என்றால் ஆபத்து என்று நாமே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

நான் மதுரை ஆரப்பாளையத்தில் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்களின் பெற்றோரில் பலருக்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றித்தான் பிழைப்பு. தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் பேருந்து ஏறும் கூட்டத்தை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். அவர்கள் வீடு திரும்ப இரவு 8 மணி, 9 மணி ஆகிவிடும். அதுவரை பல வீடுகளில் பிள்ளைக்குத் துணையாக இருப்பது ஒரு கைப்பேசிதான்.

இந்தப் பிள்ளைகளோடு பழகியதில், நேரத்தைக் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதைப் புரிந்துகொண்டேன். "அந்தக் குழுவில் இந்தப் பிள்ளைக்கு என்ன இடம்?" பேசுகிற பிள்ளையா, மற்றவர்கள் பேசுவதை மட்டும் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையா, கேலிக்கு ஆளாகிற பிள்ளையா, சேர்த்துக்கொள்ளவே படாத பிள்ளையா? நால்வரும் ஒரே ஒரு மணி நேரம்தான் கைப்பேசியைப் பார்த்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலை வகுப்புக்கு வரும்போது நால்வரின் மனமும் ஒன்றுபோல இருக்காது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

மணி அடித்த பிறகும் நடக்கும் வகுப்பு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியோடு வாட்ஸ்அப் குழுக்களும் நம் வகுப்பறைகளாயின. பாடம் அனுப்புவதற்காக நாமே பிள்ளைகளைக் குழுக்களில் சேர்த்தோம். பள்ளிகள் திறந்த பின் நாம் தொடங்கிய குழுக்கள் அமைதியாகிவிட்டன. பிள்ளைகள் தங்களுக்குள் தொடங்கிய குழுக்கள் அமைதியாகவில்லை. வகுப்புக்கு ஒரு பொதுக் குழு, அதற்குள் பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, நெருங்கிய நான்கு பேருக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று அவை கிளைத்துப் பெருகின.

கிராமப்புறங்களில் ஆய்வு நடத்தும் 'அசர்' அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய அளவில் 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளிடம் கைப்பேசி பற்றிக் கேட்டது. ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் கல்விக்காகத் திறன்பேசியைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் சுமார் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம். கிராமத்திலேயே இந்த நிலை என்றால், மதுரை நகருக்குள் இருக்கும் எங்கள் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் படித்த காலத்தில் வகுப்பில் நடந்த சண்டை மாலை 4.10 மணிக்கு மணி அடித்ததும் பாதி முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் வேறு உலகம். அம்மா, தெரு, விளையாட்டு, தூக்கம் என்று மனம் ஆற ஓர் இரவு கிடைக்கும். இன்று வகுப்பின் பேச்சு பிள்ளையோடு வீட்டுக்குள் வருகிறது, சாப்பிடும்போதும் படுக்கும்போதும் உடன் இருக்கிறது. அங்கே அன்பு கிடைத்தால் இரவெல்லாம் அன்பு. அவமானம் கிடைத்தால் இரவெல்லாம் அவமானம்.

யாரும் அவளை நீக்கவில்லை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். நன்றாகப் படிப்பாள். ஒரு மாதத்தில் தொடர்ச்சியாகவும் இடைவிட்டும் 11 நாள்கள் வரவில்லை. அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து, "தெனமும் வயித்துவலின்னு சொல்றா டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஒண்ணுமில்லங்குறாங்க. ராத்திரியெல்லாம் போனையே பாத்துக்கிட்டு இருக்கா. பிடுங்கி வச்சாலும் அழுகுறா" என்றார்.

மதிய உணவு நேரத்தில் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். செல்போன் பற்றிக் கேட்கவில்லை. "இப்ப யாரோட பேசுற, யாரோட சாப்பிடுற?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அவங்க வேற குரூப்பு வச்சிருக்காங்க மிஸ்."

நடந்தது இவ்வளவுதான். ஏழு தோழிகள் இருந்த குழுவில் ஒரு சின்ன மனத்தாங்கல். யாரும் அவளைத் திட்டவில்லை. குழுவை விட்டு நீக்கவும் இல்லை. ஆறு பேர் மட்டும் சேர்ந்து புதிதாக ஒரு குழு தொடங்கிவிட்டார்கள். பழைய குழு அப்படியே இருந்தது, ஆனால் அதில் பேச்சு நின்றுவிட்டது. இவள் "ஹாய்" என்று போட்டால் நீல நிற டிக் விழும். பதில் வராது. இரவெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பேசாத குழுவைத்தான்.

அவளுடைய அம்மாவின் கணக்கில் இது 'அதிக நேரம் செல்போன் பார்க்கும் பழக்கம்'. அவளுடைய கணக்கில் அது, மூடிய கதவுக்கு வெளியே நிற்பது.

பெரியவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். "அவங்க பேசலைன்னா நீ பேசாம இரு" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஒதுக்கப்படுதலை மனித மனம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று உளவியல் ஆய்வுகள் காட்டுவது வேறு. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றிப் போடும் எளிய விளையாட்டு அது. தொடக்கத்தில் நமக்கும் பந்து வரும். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள் மட்டுமே போட்டுக்கொள்வார்கள். அந்த இருவரையும் நமக்குத் தெரியாது, இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. பந்து கிடைத்தால் பரிசு என்பதும் இல்லை. இணையம் வழியாக 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இதில் பங்கேற்றார்கள். பந்து வராதவர்கள் உண்மையாகவே வருந்தினார்கள்.

பிறகு நடந்த ஆய்வு ஒன்றில், "நீங்கள் விளையாடுவது மனிதர்களோடு அல்ல, கணினி நிரலோடு" என்று முன்கூட்டியே சொல்லியும் பார்த்தார்கள். அப்போதும் வலித்தது.

இதில் நான்கு அடிப்படைத் தேவைகள் அடிபடுகின்றன என்பது வில்லியம்ஸின் விளக்கம். நான் ஒருவரோடு சேர்ந்தவன் என்ற உணர்வு, தன்மதிப்பு, நடப்பது என் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை, நான் இருப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்ற எண்ணம். முகம் தெரியாதவர் பந்து போடாததற்கே இவ்வளவு என்றால், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஆறு பேர் பதில் போடாதது 13 வயதுப் பிள்ளையை என்ன செய்யும்? அந்த வயிற்றுவலி பொய்யில்லை.

ஒரு லைக்குக்கு என்ன எடை?

பதின்வயதில் சக வயதினரின் பார்வைக்கு ஏன் இவ்வளவு எடை? மூளையில் பாராட்டையும் மகிழ்ச்சியையும் உணரும் பகுதிகள் இந்த வயதில் மிகவும் கூர்மையாக இருக்கின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து நிதானிக்க உதவும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. 13 முதல் 18 வயது வரையிலான 32 பேருக்கு, மூளையை ஸ்கேன் செய்துகொண்டே படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் லைக் எண்ணிக்கை இருந்தது. அந்த எண்ணிக்கையை நிர்ணயித்தவர்கள் ஆய்வாளர்களே. தம்முடைய படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது, மூளையில் வெகுமதியை உணரும் பகுதி சுறுசுறுப்பானது. பிறருடைய படங்களிலும், ஏற்கெனவே நிறைய லைக் வாங்கியதற்கே இவர்களும் லைக் போட்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை மூளையே சொல்லிக்கொடுக்கும் வயது இது.

பெரியவர்களான நமக்கு மட்டும் இது இல்லையா? நம் கைப்பேசியிலும் குழுக்கள் இருக்கின்றன. நாம் போட்ட கருத்துக்கு ஒருவரும் பதில் போடாமல், அதற்கு அடுத்து வந்த காலை வணக்கப் படத்துக்குப் பத்துப் பேர் கைகூப்பினால் நமக்கும் ஒரு நொடி சுருக்கென்கிறது. நமக்கு வேலை, குடும்பம், வயது தந்த பக்குவம் என்று சாய்ந்துகொள்ளப் பல தூண்கள் உண்டு. பிள்ளைக்கு அந்தக் குழு ஒன்றே தூணாக இருந்துவிடலாம்.

சராசரி மறைக்கும் பிள்ளை

அப்படியானால் சமூக ஊடகம் எல்லாப் பிள்ளைகளையும் கெடுக்கிறதா? ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ சிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 3,55,000க்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில், டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதமே. மறுபக்கம், அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரை, நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பதின்வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் அபாயம் இரு மடங்கு என்ற ஆய்வை எடுத்துக்காட்டி எச்சரித்தது.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. 2020இல் வெளியான அந்த ஆய்வில், 63 பதின்வயதினரிடம் ஒரு வாரம் முழுவதும் ஒவ்வொரு நாளும் பலமுறை கேட்டார்கள்: சற்று முன் சமூக ஊடகத்தைப் பார்த்தாயா, இப்போது மனம் எப்படி இருக்கிறது? பிறர் பதிவுகளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தபோது 46 சதவீதம் பேருக்கு மனம் சற்று நன்றாக இருந்தது. 44 சதவீதம் பேருக்கு மாற்றம் இல்லை. 10 சதவீதம் பேருக்கு மனம் மோசமானது.

சராசரி எடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வரும். ஆனால் அந்த 10 சதவீதம்? ஆய்வு சிறியது, வேறு நாட்டுடையது. அதன் எண்ணை அப்படியே நம் வகுப்பின் மீது வைக்க முடியாது. அதன் பாடத்தை வைக்கலாம். மதிப்பெண் பட்டியலில் இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். வகுப்புச் சராசரி 62 என்று பெருமைப்படும்போதே, 18 எடுத்த பிள்ளை அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்பது நமக்குத் தெரியும். மனநலத்திலும் நாம் தேட வேண்டியது அந்தப் பிள்ளையைத்தான்.

இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுத் திருவிழா நடக்கும் புட்டுத்தோப்பு ஆரப்பாளையத்தில்தான் இருக்கிறது. வைகையில் வெள்ளம் வந்தபோது, வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையைப் பிரித்து அடைக்கச் சொன்னான் பாண்டியன். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. ஊரில் எல்லோர் பங்கும் அடைபட்டது. அவள் பங்கு மட்டும் திறந்து கிடந்தது. வெள்ளத்துக்கு அந்த ஓர் இடம் போதும். கூலியாளாக வந்த இறைவன் மீது விழுந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது என்று கதை முடியும். கதையைச் சொல்லிவிட்டு, "நம்ம வகுப்புல ஆளில்லாத பங்கு யாரோடது?" என்று கேட்பேன். பிள்ளைகள் பெயர் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. மனத்துக்குள் மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நிமிட அமைதியில் பலருக்கும் ஒரே முகம்தான் நினைவுக்கு வந்திருக்கும் என்பது அவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் படும் பாட்டிலேயே தெரியும்.

அதே குழு கைகொடுக்கும் இடங்கள்

குழு என்பது காயம் மட்டுமல்ல, மருந்தும்கூட. ஒன்பதாம் வகுப்பில் பேச்சு திக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரவு 7 மணிக்கு மேல் கணக்கில் சந்தேகம் கேட்பவர்களுக்கெல்லாம் அவன்தான் பதில். தாளில் போட்டுப் படம் பிடித்து, அம்புக்குறி இட்டு அனுப்புவான். எழுத்தில் அவனுக்குத் திக்கல் இல்லை. தேர்வு நெருங்கியபோது அவன் இருக்கைக்குப் பக்கத்தில் மூன்று பேர் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். குழுவில் கிடைத்த இடம் வகுப்பறையில் இடம் வாங்கிக் கொடுத்தது.

இன்னொருவன் இரவு நேர இணைய விளையாட்டில் ஓர் அணிக்குத் தலைவன். படிப்பில் பின்தங்கியவன், வகுப்பில் தூங்குவான். விளையாட்டை நிறுத்து என்பதற்கு முன்பு, அங்கே அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அங்கே நான்கு பேர் அவன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். பள்ளியில் அவனுடைய சொல்லை யாரும் கேட்டதில்லை. விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயங்களுக்கு ஆள் பிரித்து வரிசைப்படுத்தும் பொறுப்பை அவனிடம் உடற்கல்வி ஆசிரியர் கொடுத்தார். இரவு விளையாட்டு முற்றிலும் நின்றுவிடவில்லை. 12 மணி என்பது 10 மணி ஆனது. தூக்கம் கிடைத்ததும் வகுப்பில் கண் திறந்திருந்தது. பறித்தால் வெற்றிடம்தான் மிஞ்சும். அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால்தான் பிள்ளை கையை விடுவான்.

ஒன்றுகூடி எதையாவது உருவாக்கும் குழுக்களும் இணையத்தில் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அப்படி ஒன்று. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அதில் எழுதுவதற்கான பயிற்சிகள் 2017இல் நடந்தன. தம் ஊரின் கண்மாய், சந்தை, கோயில், பள்ளி பற்றிப் பிள்ளைகள் தகவல் திரட்டி, ஆதாரம் பார்த்து, ஆசிரியர் உதவியோடு அங்கே சேர்க்கலாம். அழகாக இருக்கிறேனா என்று எண்ணிக்கை பார்க்கும் இடத்துக்கும், நான் எழுதிய வரியை யாரோ ஒருவர் திருத்தி மேம்படுத்தும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை அனுபவத்தில் உணர்வாள்.

தடை போட்டால் தீருமா?

இந்த விவாதத்தில் மதுரைக்கு ஒரு தனி இடம் உண்டு. டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொல்லி 2019 ஏப்ரல் 3ஆம் தேதி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வுதான். தகாத காட்சிகளும், பிள்ளைகள் முகம் தெரியாதவர்களின் வலையில் விழும் ஆபத்தும் அப்போது பேசப்பட்டன. அதே மாதம் 24ஆம் தேதி அந்தத் தடை விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 59 செயலிகளில் ஒன்றாக டிக்டாக்கை ஒன்றிய அரசு தடை செய்தது. சில நாள்களிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, பின்னர் யூடியூபில் ஷார்ட்ஸ் வந்தது. பிள்ளைகள் அங்கே போனார்கள்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே மாதம் மதுரை அமர்வும், அதுபோன்ற சட்டத்தை ஒன்றிய அரசு ஆராயலாம் என்ற கருத்தைத் தெரிவித்தது. சட்டம் வரலாம். வயது வரம்பு பல ஆபத்துகளைக் குறைக்கவும் செய்யலாம். ஆனால் எட்டாம் வகுப்பு மாணவியைத் தவிர்த்துவிட்டு ஆறு பேர் தனியாகக் கூடுவதை எந்தச் சட்டமும் தடுக்காது. அது செயலியின் கோளாறு அல்ல, வகுப்பின் உறவு. அதைச் சரிசெய்யும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

*யாருக்கு யார் துணை என்று வரைந்து பாருங்கள்.* பி.எட். பாடத்தில் 'சமூகமிதி' என்று படித்திருப்போம். ஜேக்கப் மொரினோ 1930களில் உருவாக்கிய முறை இது. "அடுத்த செயல்திட்டத்துக்கு யாரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறாய்? மூன்று பெயர் எழுது" என்று சீட்டு கொடுங்கள். வேண்டாதவர் பெயரை ஒருபோதும் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போய், பெயர்களை வட்டங்களாகப் போட்டு அம்புக்குறியால் இணையுங்கள். ஓர் அம்பும் வந்து சேராத வட்டம் உங்கள் கண்ணில் படும். இணையக் குழுவிலும் பெரும்பாலும் அவர்களே ஓரத்தில் இருப்பார்கள். இந்தத் தாள் உங்களைத் தவிர வேறு யார் கையிலும் போகக் கூடாது.

*பாலம் ஒன்று போதும்.* "அவளையும் குரூப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆணையிட்டால் சேர்ப்பார்கள், அதோடு இன்னொரு குழு தொடங்குவார்கள். அதற்குப் பதிலாக, அந்தப் பிள்ளை தன் சீட்டில் எழுதிய மூன்று பெயர்களில் ஒருவரோடு ஒரு வேலையைக் கொடுங்கள். நூலகப் புத்தகங்களை அடுக்குவது, அறிவியல் மன்றத்துக்கு மாதிரி செய்வது, காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது என எதுவாகவும் இருக்கலாம். நான் சொன்ன மாணவி அந்த ஆறு பேர் குழுவில் இன்றுவரை இல்லை. வேறு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். வயிற்றுவலி நின்றது.

*குழுவுக்கு விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும்.* ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதியவற்றில் சில: இரவு 9 மணிக்கு மேல் செய்தி இல்லை, ஒருவர் படத்தை அவரைக் கேட்காமல் போடுவதில்லை, கேலி ஸ்டிக்கர் ஆக்குவதில்லை, சண்டை என்றால் குழுவில் இல்லை, நேரில், கேள்வி கேட்டவருக்கு ஒருவராவது பதில் போட வேண்டும். கடைசி விதியை முன்மொழிந்தவர்கள் பின்வரிசைப் பிள்ளைகள்.

*வயதை நினைவூட்டுங்கள்.* வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாகியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனங்களின் விதியே. தொடக்கப் பள்ளியிலும் 6, 7ஆம் வகுப்புகளிலும் இருப்பவர்கள் பெற்றோரின் எண்ணில், பெற்றோரின் கண்ணெதிரே மட்டும் பயன்படுத்தட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லலாம்.

*தற்காப்பைக் கற்றுக்கொடுங்கள்.* ஒருவரைத் தடுப்பது, புகார் செய்வது, கணக்கைத் தனிப்பட்டதாக்குவது, கடவுச்சொல்லை மாற்றுவது ஆகிய நான்கையும் எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். அதே அசர் அறிக்கையின்படி, சமூக ஊடகத்தைப் பயன்படுத்திய பிள்ளைகளில் கணக்கைத் தனிப்பட்டதாக்கத் தெரிந்தவர்கள் 55 சதவீதம்தான். கணினி ஆய்வகத்தில் 20 நிமிடம் போதும்.

*பெற்றோரிடம் பறிக்கச் சொல்லாதீர்கள்.* கைப்பேசி பிடுங்கப்படும் என்று தெரிந்த பிள்ளை, மிரட்டல் வந்தாலும் வீட்டில் சொல்லமாட்டாள். "எது வந்தாலும் எங்கிட்ட காட்டு, போனை வாங்க மாட்டேன்" என்ற ஒரு வாக்கைப் பெற்றோர் கொடுக்கட்டும். அதோடு, இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், அப்பாவுடையது உட்பட, படுக்கையை விட்டுத் தள்ளி ஓரிடத்தில் சார்ஜ் ஏறட்டும். தூக்கம் காக்கப்பட்டாலே பாதிச் சிக்கல் தணியும்.

நம்மால் தாங்க முடியாதபோது

சில அறிகுறிகளை நாம் தனியே சமாளிக்க முயலக் கூடாது. அடிக்கடி விடுப்பு, காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி, திடீர் மதிப்பெண் சரிவு, கைப்பேசி ஒலித்தாலே திடுக்கிடுதல், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடுதல், தன்னை வருத்திக்கொள்ளுதல், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு. கடைசி இரண்டும் தெரிந்தால், "சும்மா சொல்கிறான்" என்று விடாமல், அன்றே தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தனியாக விடக் கூடாது.

கீழே உள்ள எண்களைக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வைக்கலாம். மாணவர்களுக்கான கல்வி உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் 14416. படங்களை வைத்து மிரட்டுதல், இணைய மோசடி போன்றவற்றுக்குச் சைபர் குற்ற உதவி எண் 1930. மிரட்டல் செய்திகளை அழித்துவிடாமல் திரைப்பிடிப்பு எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதுவே சான்று. 'மாணவர் மனசு' பெட்டி தூசி படிந்து கிடக்காமல், வாரம் ஒருமுறை திறக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். நேரில் சொல்ல நா எழாத பிள்ளைக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் குரல்.

வருகைப் பதிவேட்டில் தினமும் காலை பெயர்களை வாசிக்கிறோம். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில் ஒரு நொடி நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள். நேற்று இரவு அந்தக் குழுவில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் நடந்தது முகத்தில் இருக்கும். "உள்ளேன் மிஸ்" என்று குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்தால், மதிய உணவு நேரத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். செல்போனைப் பற்றிக் கேட்க வேண்டாம். யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள்.